முயல் நாய், காவல் நாய், கிடை நாய்

பட்டணத்தில் நாய் வளர்க்கிற சொந்தக்காரர்கள் லீவுக்கு ஊருக்கு வரும்போது தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எங்க நாய் வீட்டுக்குள்ள பச்சப்புள்ள மாதிரி. பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனா சில நாய்களோட நல்லா விளையாடுது, சில நாய்களைக் கண்டாலே ஆக மாட்டேங்குது. ஏன்?" அதற்குப் பட்டணத்திலேயே பதிலும் தயாராக இருக்கிறது. குட்டியில் இருந்தே நாலு நாயோடு பழக்கவில்லை, சோஷியலைஸ் பண்ணவில்லை என்பார்கள். அது பாதி சரி. மீதிப் பாதி அந்த நாயின் பாட்டனும் பூட்டனும் என்ன வேலை பார்த்தார்கள் என்பதில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் இரண்டு கல்லைப் பற்றிச் சொல்லணும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. தன் எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்கிற வீரனுக்காக வைத்த கல். வழக்கமாக நடுகல்லில் வீரன் பெயரோடு விஷயம் முடிந்துவிடும். இதில் அவனுடைய நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று கல்லே சொல்கிறது.

இரண்டாவது கல் கர்நாடகத்தில் மாண்டியா பக்கம் ஆதகூரில் இருந்தது. 949இல் நம்ம அரக்கோணத்துக்குப் பக்கத்தில் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் பெரிய போர். சோழ இளவரசர் ராஜாதித்தர் யானை மேலேயே இறந்தது அந்தப் போரில்தான். ஜெயித்த பக்கத்தில் சண்டை போட்ட மணலேரன் என்கிற வீரன், தன் வீரத்துக்குப் பரிசாக நிலமோ பொன்னோ கேட்காமல் காளி என்கிற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பிறகு ஒரு குன்றடியில் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. இரண்டும் செத்தன. அந்த நாய்க்காக நட்ட கல் அது. நாயும் பன்றியும் மோதுகிற காட்சி கல்லில் இருக்கிறது.

கோவிவன் காவல்காரன். காளி வேட்டைக்காரி. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே நாய்க்கு வேலை பிரிந்துவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. சங்கப் பாட்டில் வருகிற ஞமலி என்கிற சொல்லை இன்றைக்கு யாரும் பேசுவதில்லை, ஆனால் அந்த ஞமலிகளின் வேலை மட்டும் வம்சம் வம்சமாக இறங்கி வந்திருக்கிறது.

எங்கள் தெற்குப் பக்கத்து நாய்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறை நாய் விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டு நாய். அதே சாயலில் கறுப்பும் பழுப்புமாக இருப்பதைக் கன்னி என்பார்கள். ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, குச்சிக் கால். இது மோப்பம் பிடித்து அலைகிற நாய் இல்லை, கண்ணால் வேட்டையாடுகிற நாய். பருத்தி அறுத்து முடிந்த கரிசலில் தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், கிளம்பிவிடும். குரைக்காது. உறுமாது. குரைத்துக்கொண்டு ஓடினால் மூச்சு வீணாகும், முயலும் உஷாராகும். அதனால் சத்தம் போடாமல் ஓடுகிற நாயின் குட்டியைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல் வேட்டை குற்றமானது, அது சரியும்கூட. வேலை போய்விட்டது, கால் அப்படியே இருக்கிறது.

இராஜபாளையம் வேற. வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, எடுப்பான நெஞ்சு. பன்றி வேட்டைக்கும் போனது, ஆனால் அதன் முக்கியமான குணம் காவல். வீட்டு ஆட்கள் ஐந்து பேர் என்றால் ஆறாவது ஆளை அது சந்தேகத்தோடுதான் பார்க்கும். தேனிப் பக்கம் மலையடிவாரத்துக் கோம்பையும் அப்படித்தான். செம்பழுப்பு உடம்பும் கரிய மூஞ்சியுமாகக் கட்டுமஸ்தான நாய். காட்டுப்பன்றியை நாலைந்து நாயாகச் சேர்ந்து மடக்குகிற வேலைக்குப் போனது. தன் கூட்டத்து நாயோடு ஒத்துப்போகணும், இல்லாவிட்டால் பன்றி ஒவ்வொன்றாகக் கிழித்துவிடும். அந்நிய நாயை நம்பக் கூடாது. இந்த இரண்டு குணமும் ஒரே நாயில் இருப்பதைப் பட்டணத்து ஆட்கள் புரிந்துகொள்ளாமல் குழம்புகிறார்கள். "எங்க வீட்ல இருக்கிற மூணு நாயோட நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். அது கூட்டாளி. பார்க்கில் வருகிறது அந்நியன்.

மூன்றாவதாகக் கிடை நாய், மந்தை நாய் என்று சொல்வோம். ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகிற நாய். கீதாரிகள் இதற்கு ஜாதிப் பேரெல்லாம் பார்ப்பதில்லை. ஆட்டைத் துரத்துகிற நாய் ஒரு நாள்கூடக் கிடையில் நிற்க முடியாது, அடித்து விரட்டிவிடுவார்கள். ஆட்டோடு படுத்து, நரியோ வேற நாயோ கிட்ட வந்தால் எழுந்து நிற்கிறதுதான் நிற்கும். அதாவது சிப்பிப்பாறை எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அதே குணத்துக்காகக் கிடையில் ஒரு நாய் துரத்தப்படும். ஒரே மாவட்டத்துக்குள், ஒரே கரிசலில், இப்படி எதிரும் புதிருமாக இரண்டு வம்சம்.

இப்போது இந்த மூன்றையும் ஒரு பார்க்கில் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும்?

சிப்பிப்பாறைக்கு விளையாட்டு என்றாலே துரத்துவதும் துரத்தப்படுவதும்தான். அது ஓடி வருகிற வேகத்தைக் காவல் நாய் பார்க்கிறது. நேர்க்கோட்டில், சத்தமே இல்லாமல், ஒரு நாய் தன்னை நோக்கிப் பாய்ந்து வருகிறது. காவல் நாயின் கணக்கில் அது தாக்குதல். முன்னாடிப் போய் மறிக்கும், நெஞ்சை நிமிர்த்தும், உறுமும். சிப்பிப்பாறை விளையாடக் கூப்பிட்டது, இராஜபாளையம் சண்டைக்கு வந்ததாக எடுத்துக்கொண்டது. இதில் யார் மேல் தப்பு?

இன்னொன்று, பொமரேனியன், ஷிட்சு மாதிரிப் பஞ்சுமூட்டை நாய்கள். ஒரு சின்ன நாய் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால் சிப்பிப்பாறையின் கண்ணுக்கு அது நாயாகவே தெரியாமல் போகிற நேரம் உண்டு. முயல் நாய் கடித்துவிட்டது என்று கேட்கிறபோது, கோபத்தில் கடித்தது என்று நினைக்க வேண்டாம். கோபம் இருந்தால் முன்னாடியே உறுமியிருக்கும். வேட்டையில் உறுமல் கிடையாது. அதனால்தான் அது ஆபத்து.

இந்த மாதிரி மொழி புரியாத தகராறு நம்ம நாய்களுக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லையில் உருவான பார்டர் கோலி ஆட்டைக் குனிந்து முறைத்துப் பார்த்தே ஓட்டுகிற நாய். 1893இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்கிற ஒரு நாயின் வம்சத்தில்தான் இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலும் வருகின்றன. குரைக்காமல், கண்ணாலேயே ஆட்டை அடக்கினதாம் அது. ஆட்டுக்கு அந்தப் பார்வை சரி. நாய்களின் வழக்கத்தில் முறைத்துப் பார்ப்பது சவால். பார்க்கில் ஒரு கோலி தன் பாட்டுக்கு மற்ற நாய்களை மேய்க்கப் பார்க்கும், அவை வம்புக்கு இழுப்பதாக நினைத்துப் பாயும்.

வரலாற்றில் இதன் மோசமான அத்தியாயமும் இங்கிலாந்தில்தான் நடந்தது. டெரியர் என்கிற பெயரே மண் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியையும் எலியையும் கொல்கிற நாய். இருட்டு வளையில், பின்வாங்க இடமில்லாத இடத்தில், தன்னைவிட ஆக்ரோஷமான மிருகத்தை எதிர்கொள்கிற வேலை. தயங்குகிற டெரியருக்கு அங்கே பிழைப்பு இல்லை. அதையே காசுப் பந்தயமாக ஆக்கினார்கள். 1823இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் குழியில் பில்லி என்கிற நாய் 100 எலிகளை ஆறு நிமிடத்துக்குள் கொன்றது பெரிய பேச்சாக இருந்தது.

இன்னொரு பக்கம் காளையைக் கட்டிப்போட்டு அதன் மேல் புல்டாக்கை ஏவிவிடுகிற விளையாட்டு. 1835இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் தடை செய்தது. சட்டம் நல்ல சட்டம். ஆனால் காளையை ஒளித்து வைக்க முடியாது, இரண்டு நாயை ஒரு நிலவறையில் ஒளித்து வைத்துவிடலாம். பந்தயக்காரர்கள் அங்கே நகர்ந்தார்கள். புல்டாக்கின் பிடியையும் டெரியரின் வேகத்தையும் கலந்து சண்டைக்கென்றே நாய் உண்டாக்கினார்கள். இன்றைக்குப் பிட்புல் என்றும் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்றும் சொல்கிற நாய்களின் மூதாதை அதுதான்.

சாதாரணமாக இரண்டு நாய் சண்டை போட்டால் ஒன்று படுத்து வயிற்றைக் காட்டும், மற்றது விட்டுவிடும். தெருவில் தினமும் பார்க்கலாம். ரத்தம் வருகிற சண்டை நூற்றில் ஒன்று இரண்டுதான், மீதியெல்லாம் சத்தம். குழிச் சண்டையில் அப்படி விட்டுவிடுகிற நாய் தோற்ற நாய், அதன் வம்சத்தை வளர்க்க மாட்டார்கள். எதிராளி சரணடைந்தாலும் விடாத நாயின் குட்டிக்குத்தான் விலை. நாய்களுக்குள் இருந்த சமாதான ஒப்பந்தத்தை மனுசன் தேடித் தேடி அழித்திருக்கிறான். நம் நாட்டில் மிருகங்களை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது 1960ஆம் வருசச் சட்டப்படி குற்றம். அந்த நாய்களை மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் இறக்குமதி செய்துகொண்டோம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் அதே வெள்ளைக்காரர்களிடம் உண்டு, அதுவும் நம்ம ஊட்டியிலேயே. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இருந்து ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து ஊட்டி வேட்டை என்று ஒன்றை நடத்தினார்கள். அங்கே செந்நிற நரி, இங்கே குள்ளநரி, அவ்வளவுதான் வித்தியாசம். குதிரை மேல் துரைமார்கள், முன்னால் ஒரு பெரிய நாய்க்கூட்டம். அந்தக் கூட்டத்தை ஒரே கொட்டடியில் அடைத்து, ஒரே தொட்டியில் சோறு போட்டு வளர்ப்பார்கள். சண்டைக்கார நாய் ஒன்று இருந்தால் மொத்தக் கூட்டமும் கெடும், அதனால் அதைக் குட்டி போடவிட மாட்டார்கள். அந்த வழியில் வந்த ஃபாக்ஸ்ஹவுண்டும் அதன் சின்னத் தம்பி மாதிரியான பீகிளும் பொதுவாக எந்த நாயைக் கண்டாலும் வாலை ஆட்டுகின்றன. பட்டணத்தில் பீகிள் வைத்திருப்பவர், "நான் நல்லா சோஷியலைஸ் பண்ணிட்டேன்" என்று பெருமைப்பட்டுக்கொள்வார். இருக்கட்டும். முன்னூறு வருசமாக வேறு யாரோ பட்ட பாடும் அதில் இருக்கிறது.

1859இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பித்தார்கள். இன்ன இனம் என்றால் இன்ன உயரம், இன்ன நிறம், இன்ன காது என்று எழுதி வைத்தார்கள். அதுவரைக்கும் வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அதற்குப் பிறகு அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒரு பின்விளைவு இருக்கிறது. 1997இல் இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். ஓநாய்கள் ஒன்றுக்கொன்று மிரட்டவும் பணியவும் காட்டுகிற 15 சைகைகளைப் பட்டியல் போட்டு, பத்து இன நாய்களில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். சைபீரியன் ஹஸ்கியிடம் 15உம் இருந்தன. மடியில் வைத்துக் கொஞ்சுகிற கவலியர் கிங் சார்லஸ் நாயிடம் இரண்டுதான் இருந்தன. பதினைந்து வார்த்தை பேசுகிறவனும் இரண்டு வார்த்தை பேசுகிறவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன பேசிக்கொள்வார்கள்?

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று பழமொழி சொல்லிவிட்டு, வாலையே நறுக்கிவிடுகிற ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். குட்டியிலேயே காதைக் கத்தரித்து வாலை வெட்டினால் நாய் முரட்டுத்தனமாக இருக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. 2008இல் கனடாவில் ஒரு பொம்மை நாயை ரிமோட்டில் இயக்கிப் பார்த்தார்கள். நீள வாலை வைத்து ஆட்டினால் மற்ற நாய்கள் தைரியமாகக் கிட்ட வந்தன, ஆட்டாமல் விறைத்து வைத்தால் தயங்கின. குட்டை வாலை வைத்தால் ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வால் வெட்டின நாய் முரடாக ஆகிறதோ இல்லையோ, ஊமையாக ஆகிவிடுகிறது.

இராஜபாளையம் நாயில் இதன் மறுபக்கம் உண்டு. பால் வெள்ளை நிறத்துக்காகவே இனப்பெருக்கம் செய்ததில் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கின்றன. செவிட்டு நாய்க்கு மற்ற நாயின் உறுமல் கேட்காது. எதிராளி மூன்று முறை எச்சரித்தும் இது பாட்டுக்கு முன்னாடிப் போய்க் கடி வாங்கும், அல்லது பின்னாலிருந்து ஒரு நாய் வந்து தொட்டதும் திடுக்கிட்டுக் கடிக்கும். உடனே "இராஜபாளையம்னாலே கோவக்கார நாய்" என்று பெயர். குட்டி வாங்குகிறபோது அது பார்க்காத நேரம் பின்னாடி நின்று கையைத் தட்டிப் பாருங்கள். பலர் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

பழக்குவது எவ்வளவு, பிறவி எவ்வளவு என்று ரொம்பப் பொறுமையாகப் பார்த்தவர்கள் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு அமெரிக்கர்கள். பார் ஹார்பரில் வருசக்கணக்காக ஐந்து இனக் குட்டிகளை ஒரே மாதிரி வளர்த்து, 1965இல் புத்தகமாகப் போட்டார்கள். பீகிள் குட்டிகளும் காக்கர் ஸ்பேனியல் குட்டிகளும் ஒன்றாகக் கிடந்தன. ஃபாக்ஸ் டெரியர் குட்டிகள் சில வாரத்திலேயே கூட்டாகச் சேர்ந்து தங்களில் ஒன்றைத் தாக்க ஆரம்பித்தன, பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே ஆள். அதே புத்தகம் இன்னொன்றும் சொன்னது. பிறந்து 3 வாரத்தில் இருந்து 12 வாரம் வரைதான் குட்டி யாரோடு பழகணும், யாரைக் கண்டு பயப்படணும் என்று கற்றுக்கொள்கிற காலம்.

அந்தக் கணக்கை நம்ம ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். குட்டி கண் திறந்து நடக்க ஆரம்பித்து, முப்பது நாள் ஆனதும் விற்றுவிடுகிறோம். கடி வாங்கிக் கடி கொடுத்து, எவ்வளவு அழுத்தினால் அண்ணன்காரன் கத்துவான் என்று கற்கிற வயதில் தாயை விட்டுப் பிரிகிறது. அங்கே போனதும் தடுப்பூசி முடிகிற வரைக்கும் வெளியே விடாதே என்று மூன்றாவது மாடியில் அடைக்கிறார்கள். நாலு மாசம் கழித்துப் பார்க்கில் இறக்கினால், அது வாழ்க்கையில் பார்க்கிற முதல் அந்நிய நாய் அங்கேதான் நிற்கிறது. வேட்டைக்காரப் பரம்பரை, பாஷை கற்காத குட்டி, கழுத்தை இறுக்குகிற கயிறு. மூன்றும் சேர்ந்தால் வேற என்ன நடக்கும்?

2005இல் இராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாட்டோடு நாட்டு நாய்க்கும் மவுசு கூடியது. 2020இல் பிரதமரே வானொலியில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லிப் பேசினார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அதற்கப்புறம் நாற்கரச் சாலை ஓரத்தில் காலர் பட்டையோடு அலைகிற சிப்பிப்பாறைகளைப் பார்க்கிறேன். அந்த நாய்கள் நம்ம தெரு நாய்களோடு ஒட்டவும் முடியாமல், ஓடி முயல் பிடிக்கவும் தெரியாமல், லாரிச் சக்கரத்தில் முடிந்துபோகின்றன. "மத்த நாயோட ஒத்துப்போகலை" என்பதுதான் கொண்டுவந்து விட்டவர்கள் சொல்கிற காரணமாக இருக்கும்.

அதற்காக இனத்தின் மேலேயே எல்லாப் பழியையும் போடவும் கூடாது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்டு, 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கிற வித்தியாசத்தில் இனத்தால் வருவது 9 சதவீதம்தான் என்று வந்தது. எவ்வளவு சீக்கிரம் சீண்டப்பட்டுக் கோபப்படும் என்பதற்கும் இனத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லையாம். ஊளையிடுவது, எறிந்ததை எடுத்து வருவது மாதிரி விஷயங்களில்தான் பரம்பரை கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது. எனக்கு இது ஆச்சரியமாகப் படவில்லை. இனம் பெரும்பாலும் கோபத்தைக் கொடுப்பதில்லை, வேலை செய்கிற விதத்தைக் கொடுக்கிறது. ஒன்று ஓடும், ஒன்று மறிக்கும், ஒன்று முறைக்கும். கோபம் அந்த விதங்கள் மோதுகிற இடத்தில் பிறக்கிறது. எங்கள் தோட்டத்திலேயே ஆட்டுக்குட்டியோடு படுத்துத் தூங்குகிற கன்னியும் இருந்திருக்கிறது, சொந்தத் தம்பியையே சேர்க்காத கன்னியும் இருந்திருக்கிறது.

இரண்டு நாயைப் பழக்குவதற்கு நாங்கள் செய்வது இதுதான். நேருக்கு நேர் நிறுத்தி மூக்கோடு மூக்கு வைக்க மாட்டோம். ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தர் இந்த வரப்பில், இன்னொருத்தர் அடுத்த வரப்பில், ஒரே திசையில் நடப்போம். கயிறு தொய்வாக இருக்கும். மறுநாள் அதே நடை. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதை விட்டுவிட்டு மண்ணை மோந்துகொண்டு நடக்க ஆரம்பித்தால் ஒரு வரப்பு கிட்டே வருவோம். சில ஜோடிக்கு மூன்று நாளில் நடுவில் வரப்பு தேவைப்படாது. சில ஜோடிக்கு ஒரு மாசம் ஆனாலும் ஒரு வரப்பு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்வோம், இரண்டும் அவரவர் பாட்டுக்குத் தோட்டத்தைக் காத்துக்கொண்டு கிடக்கும்.